ரெண்டு டெராபைட் நிறுத்துப் போடுங்க!

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சமாசாரங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கெட்டுப் போனால் பர்ஸ் அழுவது ஒரு வகை. கெட்டுப் போனால் நாமே அழுவது இன்னொரு வகை. மதர்போர்டு, பவர் சப்ளை, ஃபேன் எல்லாம் முதல் வகை. காசைக் கொடுத்தால் அதே சாமான், ஏன், அதைவிட நல்ல சாமானே கிடைக்கும். இரண்டாவது வகையில் ஒரே ஒரு ஆசாமிதான்... ஹார்டு டிஸ்க்! புது டிஸ்க் எந்தக் கடையிலும் கிடைக்கும் ஸார். பழைய டிஸ்க்கோடு போன உங்க பெண்ணின் முதல் பிறந்த நாள் எந்தக் கடையில் கிடைக்கும்?

எங்கள் ஆபீஸில் நான் சம்பளமில்லாத ஹார்டுவேர் ஆலோசகர். (சம்பளத்துக்குப் பார்ப்பது அக்கவுன்ட்ஸ் வேலை!) போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, பக்கத்து ஸீட்காரர் காலையிலேயே என் மேஜைக்கு வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“பாஸ்... வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்து ‘டிக்... டிக்’னு சத்தம் வருது. கடிகாரம் மாதிரி.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு நாளா. ஒரு ஃபைல் திறந்தா காபி குடிச்சுட்டு வந்துடலாம்.”

“இப்ப ஆன்ல இருக்கா?”

“ஆமா... ஓடிட்டிருக்கு.”

“முதல்ல வீட்டுக்கு போன் பண்ணி ஆஃப் பண்ணச் சொல்லுங்க!” என்றேன். சத்தம் போட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மேனேஜர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டுகள் சுழல்கின்றன. 7,200 ஆர்.பி.எம். டிஸ்க் என்றால் நிமிஷத்துக்கு 7,200 சுற்று. அதாவது ஒரு விநாடிக்கு 120! தட்டுக்கும் அதைப் படிக்கும் ‘ஹெட்’டுக்கும் நடுவே சில நானோமீட்டர் இடைவெளிதான். நம் தலைமுடியின் தடிமன் அதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. அவ்வளவு நெருக்கத்தில் பறக்கும் ஹெட், தட்டைத் தொடவே கூடாது. தொட்டால் உரசல். உரசினால் அந்த இடத்தில் இருந்ததெல்லாம் தூள். ‘டிக் டிக்’ என்பது பெரும்பாலும், ஹெட் தன் இடத்தைத் தேடித் தேடிக் கிடைக்காமல் திரும்பி வரும் சத்தம். அந்த நிலையில் ஓட விடும் ஒவ்வொரு நிமிஷமும் ஆயுளைக் குறைக்கும்.

“அதுல என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

கல்யாண வீடியோ, பெண்ணின் போட்டோக்கள் என்று அடுக்கிக்கொண்டே வந்தவர், கடைசியில் குரலைத் தாழ்த்தினார். “எங்கப்பா பேசினது இருக்கு பாஸ். அவர் 1971-ல தகரப் பெட்டியோட மெட்ராஸ்ல வந்து இறங்கின கதை. நாற்பது நிமிஷம். அவர் போறதுக்கு முந்தின வருஷம் ரெக்கார்டு பண்ணினேன். வேற காப்பி இல்ல.”

மறுநாள் சனிக்கிழமை. இரண்டு பேரும் ரிச்சி தெருவில் இருந்தோம்.

எங்கே... எதை வாங்குவது?

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. பெயர்தான் தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று அக்கம்பக்கமெல்லாம் சேர்ந்து ஒரு குட்டி எலெக்ட்ரானிக்ஸ் ராஜ்யம். நடக்க இடமில்லாத தெருவில் ஒரு தள்ளுவண்டி, அதற்கு எதிரே ஒரு டூ-வீலர், நடுவில் நாம்! “என்ன ஸார் வேணும்? லேப்டாப்பா? சிசிடிவியா?” என்று கையைப் பிடித்து இழுக்காத குறை.

இங்கே இறங்குமுன் ஒன்றை மனசில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் வேகமாக வேண்டுமா, நிறைய இடம் வேண்டுமா? வேகத்துக்கு எஸ்.எஸ்.டி. அதில் சுழலும் தட்டும் கிடையாது, பறக்கும் ஹெட்டும் கிடையாது. எல்லாம் சிப். சாட்டா ஹார்டு டிஸ்க் நல்ல நாளில் விநாடிக்கு 200 எம்.பி. பக்கம் படித்தால், சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. 500-ஐத் தாண்டும். ஆனால் நிறைய டெராபைட்டைச் சேர்த்து வைக்கப் பார்த்தால் ஹார்டு டிஸ்க்தான் மலிவு. ஆகவே புத்திசாலித்தனமான ஏற்பாடு: விண்டோஸ் போட ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., சொத்து பத்துக்களை வைக்க ஒரு பெரிய ஹார்டு டிஸ்க். சின்ன வீடு, பெரிய வீடு என்று நண்பர் ஏதோ உதாரணம் சொல்ல ஆரம்பித்தார். “தெருவுல வெச்சு வேணாம்” என்று தடுத்துவிட்டேன்.

டெஸ்க்டாப்புக்கு மூன்றரை இன்ச் டிஸ்க். லேப்டாப்புக்கு இரண்டரை. இன்று உலகத்திலேயே ஹார்டு டிஸ்க் தயாரிப்பவர்கள் மூன்றே கம்பெனிகள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. ஆகவே பிராண்டுக்காகச் சண்டை போடாமல் ரகத்தைப் பாருங்கள்.

முதல் கடையில் ஊதா லேபிள் ஒட்டிய டிஸ்க்கை எடுத்து வைத்தார் பையன். “இதான் ஸார் ஃபாஸ்ட் மூவிங்!”

“தம்பி, இது கேமராவுக்கு உள்ளதாச்சே?”

“எல்லாம் ஓடும் ஸார்!”

ஓடும்தான். பொய்யில்லை. ஆனால் அது இருபத்திநாலு மணி நேரமும் கேமரா படத்தை நிற்காமல் எழுதுவதற்கென்றே பழக்கிய குதிரை. ஒரு ஃபிரேம் போனாலும் பரவாயில்லை, எழுதுவது நிற்கக் கூடாது என்பது அதன் தர்மம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வேண்டியது நேர் எதிர்: தாமதமானாலும் பரவாயில்லை, ஒரு எழுத்துக்கூடத் தப்பக் கூடாது.

அடுத்த கேள்வி, சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரா? இதைக் கேட்டவுடன் சில கடைகளில் நம்மை இன்கம்டாக்ஸ் ஆபீஸர் மாதிரி பார்க்கிறார்கள். விஷயம் எளிது. சி.எம்.ஆரில் தடங்கள் அடுத்தடுத்துத் தனித்தனியாக இருக்கும். எஸ்.எம்.ஆரில் வீட்டுக் கூரை ஓடு மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் கழற்றி மாட்ட வேண்டுமே... அதனால் நிறைய எழுதும்போது சோம்பல். சில டிஸ்க்குகள் இந்த ரகம் என்பதைக் கம்பெனிகள் சொல்லாமலே விற்றது 2020-ல் வெளியே வந்து பெரிய ரகளையானது. இப்போது கம்பெனிகளின் வெப்சைட்டிலேயே மாடல் நம்பர் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. செல்போனை எடுங்கள், மாடல் நம்பரைத் தட்டுங்கள், பாருங்கள். படங்களைப் போட்டு மூடி வைக்கத்தான் என்றால் எஸ்.எம்.ஆரும் போதும். தினமும் எடுத்து, மாற்றி, எழுதுபவர்கள் சி.எம்.ஆர். கேட்டு வாங்குங்கள்.

பில் வேணுமா ஸார்?

இந்தக் கேள்வி வரும். வந்தே தீரும்! “பில் இல்லாம வாங்கினா 18 பர்சென்ட் மிச்சம் ஸார்” என்பார்கள். அந்த 18 பர்சென்ட், ஜி.எஸ்.டி. அதை மிச்சம் பிடித்தால் நாளைக்குத் தகராறு வரும்போது கையில் ஓர் ஆதாரம் இருக்காது. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குக்கு வழக்கமாக 2 வருஷம் வாரன்டி. உயர்ந்த ரகங்களுக்கு 3, 5 வருஷம்கூட உண்டு. காசு கொடுக்குமுன் டிஸ்க்கின் ஸீரியல் நம்பரைக் கம்பெனி வெப்சைட்டில் போட்டுப் பாருங்கள். வாரன்டி எது வரை என்று அதுவே சொல்லும். வெளிநாட்டில் விற்க வந்தது இங்கே சுற்றி வந்திருந்தால், இந்தியாவில் வாரன்டி செல்லாது என்று கையை விரித்துவிடலாம்.

இன்னொன்று, பழசைப் புதுசாக்கும் வித்தை. 2025-ன் தொடக்கத்தில் ஜெர்மனியில், டேட்டா சென்டர் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைத்து ஓய்வு பெற்ற டிஸ்க்குகள் ‘புத்தம் புதுசு’ என்று விற்கப்பட்டது அம்பலமானது. டிஸ்க் ஓடிய மணி நேரத்தைக் குறிக்கும் உள் கணக்கையே பூஜ்யமாக்கியிருந்தார்கள். கார் மீட்டரைத் திருப்பி வைப்பது மாதிரி! ஜெர்மனியிலேயே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? ஆன்டி-ஸ்டாடிக் கவரின் ஸீல், ஸ்க்ரூ மாட்டும் இடத்தில் கீறல், கனெக்டரில் தேய்மானம்... மூன்றையும் அங்கேயே நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்தவுடன் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டு, ‘பவர் ஆன் ஹவர்ஸ்’ எவ்வளவு என்று பாருங்கள். புதுசு என்றால் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். 17,000 என்று காட்டினால், அது ஏறக்குறைய இரண்டு வருஷம் இரவு பகலாக உழைத்த கிழவர்!

மூன்றாவது கடையில் ஒரு வயசானவர். கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஸீரியல் நம்பர் சரி, பில் சரி. 2 டெராபைட் டிஸ்க் ஒன்று, கூடவே ஒரு எஸ்.எஸ்.டி., ஒரு சாட்டா கேபிள். வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

எடை குறையுதே!

வீட்டில் மாட்டியாயிற்று. விண்டோஸை எஸ்.எஸ்.டி.யில் போட்டோம். பழைய டிஸ்க்கின் ஒயரைக் கழற்றியே வைத்திருந்தேன். புதுசை ஃபார்மட் செய்கிறேன் பேர்வழி என்று பழசை அழித்தவர்கள் கதை நிறைய உண்டு.

“பாஸ், புது டிஸ்க்கே தெரியலையே! டூப்ளிகேட்டா?” நண்பர் அலறினார். அலற வேண்டாம். புது டிஸ்க் தானாகத் தலை காட்டாது. ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் போய் ‘இனிஷியலைஸ்’ செய்து, ஜி.பி.டி. என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபார்மட் செய்தால்தான் வரும். (பழைய எம்.பி.ஆர். முறை பொதுவாக 2 டெராபைட்டோடு நின்றுவிடும்.)

வந்தது. அடுத்த அலறல்: “ரெண்டு டெராபைட்னு சொல்லி 1.81-தான் காட்டுது! ஏமாத்திட்டாங்க!”

மளிகைக் கடை மாதிரி தராசில் நிறுத்துப் போடச் சொல்ல முடியாத சரக்கு இது. ஆனால் இங்கே யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. பைட் கணக்கு ஒன்றேதான். இதே கணக்கில் 1 டெராபைட் டிஸ்க், 931 ஜி.பி. காட்டும்.

இதற்கே குறை சொன்னால், 1956-ல் ஐ.பி.எம். கொண்டு வந்த முதல் ஹார்டு டிஸ்க்கைப் பார்த்தால் என்ன சொல்வார்? 24 இன்ச் அகலத்தில் 50 தட்டுகள், எடை ஒரு டன்னுக்கு மேல். அத்தனையிலும் சேர்த்து 50 லட்சம் எழுத்துகள்தான் கொள்ளும். இன்றைய செல்போன் போட்டோ ஒன்றிரண்டு போட்டால் ‘ஹவுஸ்ஃபுல்’! முதல் 1 டெராபைட் டிஸ்க்கை ஹிட்டாச்சி கொண்டு வந்தது 2007-ல். இவ்வளவு நெருக்கிப் படிக்க வழி செய்த காந்த வித்தையைக் கண்டுபிடித்த ஆல்பெர் ஃபெர், பீட்டர் க்ருன்பெர்க் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்ததும் அதே 2007-ல்தான். 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் முழுகியபோது, உலகம் பூரா ஹார்டு டிஸ்க் விலை எகிறியது.

கடைசியில்தான் பழைய டிஸ்க்கை இணைத்தேன். ‘டிக்... டிக்...’ ஒரு நிமிஷம் போல உயிரே இல்லை. பிறகு மெதுவாகத் தலை காட்டியது.

“கல்யாண வீடியோ முதல்ல...” என்றார் நண்பர் மனைவி.

“இல்லம்மா, அப்பா!” என்றார் நண்பர்.

அதுதான் சரி. சாகக் கிடக்கும் டிஸ்க்கிலிருந்து, திரும்பக் கிடைக்காததை முதலில் எடுக்க வேண்டும். கல்யாண வீடியோ மாமனார் வீட்டு சி.டி.யில் இருக்கக்கூடும். அப்பா குரல் எங்கேயும் இல்லை. டிஃப்ராக்மென்ட், ரிப்பேர் என்று எதையும் ஓட்டவில்லை. காப்பி மட்டும். நாற்பது நிமிஷக் குரல் வந்து சேர ஐந்தே நிமிஷம்தான் ஆனது. ஆனால் அந்த ஐந்து நிமிஷமும் வீட்டில் ஒருவரும் உட்காரவில்லை.

ஓட விட்டுப் பார்த்தோம். ஒரு இருமல். பிறகு, “டேய், இது ஓடுதாடா?” என்று ஒரு குரல். நண்பர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

போட்டோக்களும் முக்கால்வாசி வந்தன. கல்யாண வீடியோ பாதியில் இருக்கும்போது டிஸ்க் நின்றது. மறுபடி எழுந்திருக்கவில்லை. ஃப்ரீஸரில் வைத்தால் உயிர் வரும் என்று பக்கத்து வீட்டு வைத்தியம் ஒன்று வந்தது. வேண்டாம்! ஈரம் கோத்துக்கொள்ளும். திறந்தும் பார்க்காதீர்கள், ஒரு தூசு போதும் கெடுக்க. ரொம்ப அவசியமானது உள்ளே இருந்தால், அதற்கென்றே தூசில்லாத அறை வைத்திருக்கும் ரெகவரி ஆட்களிடம்தான் போக வேண்டும். அதற்கு ஆகிற செலவில் பல புது டிஸ்க் வாங்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். வாரன்டி என்பது டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. கெட்டால் கம்பெனி புதுசு கொடுக்கும், காலியாக! ஆகவே எந்த டிஸ்க் வாங்கினாலும் முக்கியமானதை மூன்று பிரதி வையுங்கள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று வேறு ஊரிலோ இன்டர்நெட்டிலோ. நண்பர் ஒரு பிரதியைக் கும்பகோணத்தில் இருக்கும் தங்கைக்கு அனுப்பிவிட்டார்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்கிறீர்களா? பேரீச்சம்பழத்துக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்! உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட், பான் கார்டு எல்லாம் உள்ளேதான் இருக்கிறது. ‘டெலிட்’ செய்தால் அழியாது. இனி எதையும் எடுக்கப் போவதில்லை என்று முடிவானால் ஸ்க்ரூவைக் கழற்றி, தட்டுகளைச் சேதப்படுத்திவிடுங்கள். உள்ளே சின்னதாக, ஆனால் அசுர பலத்தோடு காந்தம் கிடைக்கும். நண்பர் வீட்டு ஃப்ரிட்ஜில் இப்போது கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது அதுதான். பில்லை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருக்கிறதாம்!