கைராசியா? கைத்திறனா?

நம் மக்களிடையே 'கைராசி' என்றொரு சொல் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஒரு மருத்துவர் கொடுத்த மருந்தில் நோய் நீங்கினால் அவர் கைராசிக்காரர். காலையில் முதல் போணி செய்தவரை நினைத்துக்கொண்டு கடைக்காரர் இரவில் கல்லாவை எண்ணி மகிழ்ந்தால், அந்தப் போணிக்காரரும் கைராசிக்காரரே. மருத்துவர் எத்தனை ஆண்டு படித்தார், கடைக்காரர் எத்தனை மணிக்குக் கடை திறந்தார் என்று எவரும் கேட்பதில்லை. விளைவு நன்றாயின் நல்ல கை. விளைவு கெட்டால் கெட்ட கை. இவ்வாறு தீர்ப்புச் சொல்வது முறைதானா என்று சற்றே ஆராய விரும்புகிறோம்.

இவ்வெண்ணத்தைத் தூண்டியது காஞ்சிரங்குளத்தில் ஒரு சாயாக்கடைப் பேச்சு. 2025 நவம்பர் நடுவில் ஒரு செய்தி வந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியினர் தங்கள் பழம்பெரும் ஆட்டக்காரரான ரவீந்திர ஜடேஜாவையும் அவருடன் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்து, அந்த அணியின் தலைவராயிருந்த சஞ்சு சாம்சனை மாற்றாகப் பெற்றனர் என்பதே அது. சஞ்சு பிறந்த புல்லுவிளை, காஞ்சிரங்குளத்திலிருந்து கடற்கரையை நோக்கிச் சென்றால் கூப்பிடு தூரம் என்றே சொல்லிவிடலாம். கடையிலிருந்த மலையாள இளைஞர்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நம்மவர் முகங்களிலோ ஜடேஜாவை இழந்த வருத்தம். "இந்த மாற்றத்தைச் செய்த மேலாளருக்கு அறிவு உண்டா, இல்லையா?" என்று வழக்கு எழுந்தது. அப்போது நம்மவர் ஒருவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கப்பு வந்தா அவன் அறிவாளி; வரல்லேன்னா முட்டாளு. இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக் கெடக்கு?" என்று ஒரே போடாகப் போட்டார். அனைவரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். ஆயினும் அந்தச் சொல் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

அக்கடைக்கு வெளியே ஒரு சிறு மேசையில் பரிசுச் சீட்டு விற்பவர் நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஒரு பெரியவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. பல ஆண்டுகளுக்கு முன் அவர் விற்ற சீட்டு ஒன்றுக்குப் பெரும் பரிசு விழுந்ததாம். அன்று முதல் நெய்யாற்றின்கரையிலிருந்துங்கூட ஆட்கள் அவரைத் தேடி வருகின்றனர். "நான் சீட்டைக் கட்டோட வாங்கி வாறேன், கட்டோட பிரிச்சு விக்கேன். இதுல எனக்கு என்ன தெறமை இருக்கு?" என்று அவரே நம்மிடம் கூறியதுண்டு. ஆனால் 'கைராசி அண்ணாச்சி' என்னும் பெயரை அவர் மறுப்பதும் இல்லை. வியாபாரம் அல்லவா?

கேரள அரசு 1967-இல் பரிசுச் சீட்டுத் துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்திற்று. ஒரு ரூபாய்ச் சீட்டுக்கு முதல் பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2003-இல் பரிசுச் சீட்டுகள் தடை செய்யப்பட்டபின், எல்லை கடந்து வந்து வாங்குவோர் பெருகினர். 2023 திருவோணம் பம்பர் குலுக்கலில் 75 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் விற்றன. 25 கோடி ரூபாய் முதல் பரிசு திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாங்கிய சீட்டுக்கு விழுந்தது. அச்சீட்டு வாளையாற்றில் விற்றது. குலுக்கல் என்று ஒன்று நடந்தால் யாரோ ஒருவர் கையால் விற்ற சீட்டுக்குப் பரிசு விழுந்தே தீரவேண்டும். விழுந்தபின் அவருடைய கையை மட்டும் உற்று நோக்குகிறோம். மற்ற கைகளை நோக்குவதில்லை.

நிற்க. ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் மேலாளரும் அண்ணாச்சியைப் போன்றவர்தாமா? முழுவதும் அப்படியன்று. ஆனால் நாம் நினைப்பதைக் காட்டிலும் மிகுதியாக அப்படித்தான்.

இக்கேள்வியை மிக ஆழமாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் 'பொது மேலாளர்' என ஒருவர் உண்டு. ஆடுகளத்தில் அவர் இறங்குவதில்லை. எவரை வாங்குவது, எவரை விற்பது, எவருக்கு எவரை மாற்றாகக் கொடுப்பது என்பதே அவர் தொழில். அந்நாளில் ஓக்லண்ட் நகரில் இருந்த அத்லெட்டிக்ஸ் அணிக்குப் பில்லி பீன் என்பவர் 1997-இன் இறுதியில் பொது மேலாளரானார். பணம் குறைந்த அணி அது. 2002-இல் அந்த அணி ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த ஊதியம் ஏறத்தாழ 4 கோடி டாலர். நியூயார்க் யாங்கீஸ் அணி கொடுத்தது 12 கோடிக்கும் மேல். ஆயினும் அவ்வாண்டு இரண்டு அணிகளும் சரியாக 103 ஆட்டங்களை வென்றன. புள்ளிவிவரங்களைக் கொண்டு, பிறர் மதிக்காத ஆட்டக்காரரை மலிவாகப் பிடித்தார் பீன் என்று உலகம் புகழ்ந்தது.

ஆனால் 2000 முதல் 2003 வரை நான்கு ஆண்டுகளும் அந்த அணி இறுதிக் கட்டத்தின் முதற் சுற்றிலேயே தோற்றது. ஐந்து ஆட்டங்கள் கொண்ட அச்சுற்றில் நான்கு முறையும் இரண்டுக்கு இரண்டு என்று நின்று, ஐந்தாவது ஆட்டத்தில் தோற்றது! நாணயத்தைச் சுண்டினால் நான்கு முறை தொடர்ந்து பூ விழுவதற்குப் பதினாறில் ஒரு வாய்ப்பு உண்டு. அரிதுதான்; அதிசயமன்று. அதனை வைத்துக்கொண்டு, "பெரிய ஆட்டத்தில் அவன் வித்தை பலிக்காது" என்று ஏசியவர் பலர். மற்றொரு சாரார் வேறொரு குறை சொன்னார்கள். அது சிந்திக்கத்தக்க குறை. ஜியாம்பி, தெஹாதா, சாவேஸ் ஆகிய சிறந்த ஆட்டக்காரர்கள் பீனுக்கு முன்பிருந்த மேலாளர் சாண்டி ஆல்டர்சன் காலத்திலேயே அணிக்குள் வந்தவர்கள். தந்தை வைத்த தென்னையில் மகன் இளநீர் குடித்தால் மகனைத் தோட்டக்கலை வல்லுநன் என்று சொல்லலாமா?

இப்போது நம் சென்னைக்கு வருவோம். ஐ.பி.எல். பந்தயம் 2008-இல் தொடங்கியது. 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் சென்னை அணி விலக்கி வைக்கப்பட்டிருந்தது. எனவே 2025 வரை அது ஆடியவை 16 ஆண்டுகள். பந்தயத்தில் எட்டு முதல் பத்து அணிகள் இருந்தன. எல்லாம் குலுக்கல் முறையில் நடந்திருந்தால், ஓர் அணி இத்தனை ஆண்டுகளில் இறுதியாட்டத்தை எட்டுவது நான்கு முறைக்கும் குறைவாகவே இருக்கும். சென்னை எட்டியதோ பத்து முறை! குலுக்கலால் இது நேராது. இது கைத்திறன், ஐயமில்லை.

ஆனால் அந்தப் பத்து இறுதியாட்டங்களில் வென்றவை எத்தனை? 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து. தோற்றவை 2008, 2012, 2013, 2015, 2019 என ஐந்து. சரிபாதி. இக்கணக்கைக் கண்டபோது நமக்கு மெய்யாகவே வியப்பு உண்டாயிற்று. இறுதியாட்டம் வரை கொண்டுவந்து சேர்த்தது திறமை. அதற்குமேல் நடந்தது நாணயம் சுண்டிய கதை. 2019-இல் கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டம் தேவைப்பட்டபோது சார்துல் தாக்கூர் ஆட்டமிழந்தார். ஓர் ஓட்டத்தில் தோல்வி. 2023-இல் கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டம் தேவைப்பட்டபோது இதே ஜடேஜா ஒன்றை ஆறாகவும் மற்றொன்றை நான்காகவும் அடித்தார், கோப்பை கிடைத்தது. 2019-இன் மேலாளர் மூடர், 2023-இன் மேலாளர் மேதை என்று சொல்ல எவருக்காவது நா எழுமா? இருவரும் ஒருவரே!

மும்பை அணி ஆறு இறுதியாட்டங்களில் ஐந்தை வென்றதே என்று கேட்பாருளர். உண்மை. ஆனால் 2017, 2019 ஆகிய இரண்டு வெற்றிகளும் ஒற்றை ஓட்டத்தில் வந்தவை. அவை இரண்டும் மறுபக்கம் சாய்ந்திருந்தால் அங்கும் மூன்றுக்கு மூன்று.

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே பொழியூர் இருக்கிறது. சந்தோஷ் டிராபி கால்பந்துக்கு ஆட்டக்காரர் பலரை ஈன்ற மீனவர் கிராமம். அவ்வூராரைக் கேட்டால் சொல்வர்: கேரளம் 2018-இலும் 2022-இலும் மேற்கு வங்கத்தை வென்றது பெனால்டி உதைகளால், 2024 டிசம்பர் 31 அன்று அதே வங்கத்திடம் தோற்றது ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த ஒரே கோலால். பயிற்சியாளரின் புகழும் பழியும் அவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகின்றன.

திறமையையும் ராசியையும் பிரித்தறிய முடியாத இடங்களும் உண்டு. அவற்றுள் சுவையானது 2008 பிப்ரவரி 20 அன்று நடந்த முதல் ஏலம். ஒவ்வோர் அணியும் 50 லட்சம் டாலருக்குமேல் செலவிடக் கூடாது. மும்பைக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்குத் திராவிட், மொகாலிக்கு யுவராஜ், டில்லிக்குச் சேவாக் என ஐந்து அணிகளுக்கு ஊர்ப்பெருமைக்குரிய ஆட்டக்காரர் முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தனர். அந்த அணி ஏலத்தில் மிகுதியாகக் கொடுக்கும் விலையைவிட அவருக்கு 15 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. தோனிக்கு ஏலம் 15 லட்சம் டாலரை எட்டிற்று. மும்பை அவரை எடுத்தால் டெண்டுல்கருக்கு 17 லட்சத்து 25 ஆயிரம் கொடுத்தாக வேண்டும். இருவருக்கே பணத்தில் பெரும்பகுதி போய்விடும். மும்பை பின்வாங்கியது. சென்னைக்கோ அப்படி ஒதுக்கப்பட்டவர் எவரும் இல்லை. 'நமக்கென்று ஒருவர் இல்லையே' என்னும் குறையே வரமாக மாறியது.

ஆனால் அந்த வரத்தைக் கண்டுகொள்ளவும் ஒரு கண் வேண்டுமல்லவா? சென்னை அணிக்காகத் தோனியை எடுக்க வேண்டும் என்று உறுதியாக நின்றவர் தமிழ்நாட்டின் பழைய தொடக்க ஆட்டக்காரர் வி. பி. சந்திரசேகர். 2019-இல் அவர் மறைந்தார். இந்தியத் தேர்வுக் குழுவில் இருந்தவராதலால் தோனியை அருகிலிருந்து அறிந்தவர். அது திறமை. சற்றுப் பின்னோக்கிப் பாருங்கள்: 2007 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பாகிஸ்தானின் மிஸ்பா தூக்கியடித்த பந்தை மலையாளியான ஸ்ரீசாந்த் பிடித்திராவிட்டால் தோனியின் பெயர் அவ்வளவு ஓங்கியிருக்குமா? அது ராசி. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று கத்தி கொண்டு அறுக்க முடியவில்லை.

இதனால் மேலாளரின் பிழைகளையெல்லாம் 'காலக்கேடு' என்று மன்னித்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 2024-இல் கடைசி லீக் ஆட்டத்தில் இன்னும் பத்து ஓட்டம் எடுத்திருந்தால் சென்னை அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். அதை வேண்டுமானால் கெட்ட நேரம் எனலாம். 2022-இலும் 2025-இலும் பதினான்கு ஆட்டங்களில் நான்கு மட்டுமே வென்றதை அப்படிச் சொல்லித் தப்ப இயலாது. ஓராண்டு சறுக்கல் எவருக்கும் நேரும். மீண்டும் மீண்டும் நேர்ந்தால் வேரைத் தோண்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

விளையாட்டுக்கு இத்தனை பக்கமா என்று சங்க அன்பர்கள் கடிந்துகொள்ளக்கூடும். இந்தத் தீர்ப்பு முறை விளையாட்டோடு நிற்கவில்லை என்பதே நம் கவலை. இவ்வூர்ப் பக்கங்களில் பிழைக்க வந்த நம் குடும்பங்களில் ஒன்றை அறிவோம். அண்ணனும் தம்பியும் ஒரே ஆண்டில் பாத்திர வியாபாரம் தொடங்கினர். இருவரும் ஒரே மொத்தக் கடையில் சரக்கு எடுத்தனர். இருவரும் கடன் அடைப்பதில் ஒழுங்கானவர்கள். தம்பி வாங்கிய ஐந்து சென்ட் நிலத்தின் அருகே பின்னாளில் புதுச்சாலை வந்தது. அண்ணன் கடை வைத்த தெருவிலோ சாலைப் பணிக்காக ஓராண்டு வண்டி வாகனம் போகவில்லை. இன்று தம்பி 'தீர்க்கதரிசி'. அவர் சொல்லாமல் உறவில் ஒரு திருமணம் முடிவாவதில்லை. அண்ணன் மகளுக்கு வரன் தேடும்போது மட்டும், "அவருக்குச் சாமர்த்தியம் போதாது" என்று நம்மவரே பின்வாங்குகின்றனர். சாலை எங்கே வரும் என்று தம்பிக்குத் தெரிந்திருக்கவில்லை; அவரே அதை நம்மிடம் ஒப்புக்கொண்டார். அண்ணன் எதிரில் மட்டும் அவர் அதைச் சொன்னதில்லை.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஆட்களைத் தேர்வது பற்றி மட்டும் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து வைத்தார். அத்தொழில் எவ்வளவு கடினம் என்று அவர் அறிந்திருந்தார் போலும்!

மறுபடியும் சாயாக்கடைக்கு வருவோம். 'கப்பு வரட்டும், பிறகு பேசுவோம்' என்று கலைய இருந்த கூட்டத்தை நிறுத்தியவர் அண்ணாச்சிதான். பழைய குலுக்கல் முடிவுத் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, "வந்த பெறவு ஆரு வேணும்னாலும் பேசலாம். இப்பமே சொல்லுங்க, எழுதி வைப்போம்" என்றார். ஒருவர் சொல்ல ஒருவர் மறுக்க, அவர் எழுதினார். தோனிக்கு வயது 44. அவருக்குப்பின் விக்கெட் காக்க ஆள் வேண்டும். சஞ்சுவுக்கு வயது 31. ஜடேஜா அடுத்த திங்கள் 37-ஐ எட்டுவார்: இவை ஒரு பக்கம். ஒருவருக்காக இருவரைக் கொடுத்தது. இடக்கைச் சுழலும் மட்டையும் ஒருசேர இழந்தது. அணியினரின் மனம் நொந்தது: இவை மறுபக்கம். கை தூக்கச் சொன்னார். மாற்றம் சரி என்றவர் ஏழு பேர்; தவறு என்றவர் ஐவர். முதலில் 'இதில் என்ன ஆராய்ச்சி' என்று கேட்டவர் நெடுநேரம் யோசித்துக் கடைசியில் ஏழாவது கையாகத் தூக்கினார்.

அண்ணாச்சி தேதியிட்டு, தாளை நான்காக மடித்து, விற்காத சீட்டுகள் வைக்கும் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடினார். மூன்று மணிக் குலுக்கலுக்கு இன்னும் பத்துச் சீட்டுகள் மீதி இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.