நிரலாக்கப் போட்டி: மூவர் அணியைத் தேர்ந்தெடுப்பது யார்?

பல்கலைக்கழக மாணவர்களுக்கான ஐ.சி.பி.சி. நிரலாக்கப் போட்டியின் தொடக்கம் 1970இல், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில். அணிக்கு மூவர், ஒரே கணினி, ஐந்து மணி நேரம். அனுப்பப்படும் நிரலைக் கணினியே சோதித்துத் தீர்ப்பளிக்கிறது. அதிகக் கணக்குகளைத் தீர்த்த அணி முந்தும். சமமானால் செலவான நேரம் பார்க்கப்படும். தீர்த்த கணக்கில் தவறிய ஒவ்வொரு முயற்சிக்கும் 20 நிமிடம் தண்டம். வாய்மொழித் தேர்வில் பெயரையும் ஊரையும் விசாரித்தபின் மதிப்பெண் குறையும் அனுபவம் நம் மாணவர்களுக்குப் புதிதல்ல; இங்கே அதற்கு இடமில்லை.

ஆனால் அந்த மூவர் யார் என்பதைக் கணினி முடிவு செய்வதில்லை. முறையான உள்தேர்வு இல்லாத கல்லூரியில் அணி விடுதி அறையில், நட்பு வட்டத்தில் உருவாகிறது. பள்ளியிலேயே ஒலிம்பியாட் பயிற்சி பெற்றவர்கள் ஒருவரையொருவர் முன்பே அறிவார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் கேட்கப்படுவதோ, "உன் ரேங்க் என்ன?" அது திறமையை அறியும் கேள்வி அன்று, இடஒதுக்கீட்டில் வந்தவரா என்று துப்பறியும் கேள்வி. தலித் மாணவர் தர்ஷன் சோலங்கியின் மரணத்துக்குப் பின், நுழைவுத்தேர்வுத் தரவரிசையைச் சக மாணவரிடம் கேட்பது தகாது என்று மும்பை ஐ.ஐ.டி. 2023இல் எழுத்திலேயே அறிவுறுத்த நேர்ந்தது.

உள்தேர்வை அறிவிப்புப் பலகையில் முன்கூட்டியே அறிவித்து, கணினித் தீர்ப்பிலேயே நடத்தி, முழுத் தரவரிசையையும் வெளியிட வேண்டும். செலவைக் காரணம் காட்ட முடியாது: டோம்ஜட்ஜ் என்னும் நடுவர் மென்பொருள் கட்டணமற்றது. இக்கோரிக்கையைக் கல்லூரியின் எஸ்.சி., எஸ்.டி. பிரிவு வழியாக எழுத்தில் அளிக்கலாம்.