எந்தப் பாட்டை அனுப்புவது?

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது மங்கலம்பேட்டை. 2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் அவ்வூரில் நம் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தோம். இராச் சாப்பாடு முடிந்து எல்லோரும் திண்ணையில் வந்து உட்கார்ந்தபோது, காலேஜில் படிக்கும் பிள்ளை ஒருவன் கையிலிருந்த டெலிபோனில் ஏதோ பாட்டை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன பாட்டுடா அது?" என்று கேட்டோம்.

"மாஸ்கோவிலே சர்வதேசப் பாட்டுப் போட்டி நடந்தது, பெரியப்பா. இண்டர்விஷன் என்று பேர். நம்ம தேசமும் கலந்துகொண்டது. ரௌஹான் மாலிக் என்பவர் 'இஷ்க்' என்று ஒரு பாட்டுப் பாடினார்."

திண்ணையில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரில் ஒருவராவது அந்தச் செய்தியை அதுவரை கேள்விப்பட்டிருக்கவில்லை. வெற்றிலைச் செல்லத்தை மூடி வைத்துவிட்டு வீட்டுப் பெரியம்மாள், "யாரைக் கேட்டு அனுப்பினாங்க?" என்றாள்.

வெகு சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனால் அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

பாடியவர் மீது நமக்கு யாதொரு குறையும் இல்லை. செப்டம்பர் 20-ஆம் தேதி மாஸ்கோ நகரத்தின் அருகே நடந்த அந்தப் போட்டியில் வியத்நாம் தேசத்துப் பாடகர் டுக் ஃபுக் முதற் பரிசு பெற்றார். அந்நியப் படையைத் துரத்தியடித்த ஒரு சிறு பிள்ளையைப் பற்றி வியத்நாமில் ஒரு பழங்கதை உண்டு. அவ்வூர்ப் பாட்டிமார் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லிவரும் கதை. அதையே பாட்டாக்கிக்கொண்டு வந்து அவர் பாடினார். அந்தப் பாட்டைக் குறித்து வியத்நாமின் திண்ணைகளில் பெரியம்மாள் கேட்ட கேள்வி எழுந்திருக்காது என்றே நினைக்கிறோம்.

ஐரோப்பாவில் இந்த விவகாரம் 1956-ஆம் வருஷத்திலேயே தொடங்கிவிட்டது. ஸ்விட்ஸர்லாந்தில் லுகானோ என்னும் ஊரில் ஏழு தேசங்கள் கூடித் தேசத்துக்கு இரண்டு பாட்டு வீதம் பாடின. இதுவே யூரோவிஷன் போட்டியின் ஆரம்பம். அங்கே பாட்டை அனுப்புகிறவை அந்தந்தத் தேசத்து ஒலிபரப்பு ஸ்தாபனங்கள், சர்க்கார் அல்ல. சில ஸ்தாபனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தாங்களே தீர்மானிப்பதும் உண்டு. இத்தாலியிலோ, ஸான் ரேமோ என்னும் ஊரில் 1951 முதல் நடந்துவரும் சங்கீத விழாவில் ஜயித்தவருக்கே அழைப்புப் போவது வழக்கம். ஸ்வீடனில் உள்நாட்டுப் போட்டியே வாரக் கணக்கில் நடக்கும் திருவிழா. நம் ஊர்த் தேர்தலைவிட அமளி அதிகம் என்று சொல்வார்கள்.

அந்த ஸ்வீடனில் 1973-ஆம் வருஷம் ஒரு வேடிக்கை நடந்தது. சங்கீத நிபுணர்கள் அடங்கிய குழு, 'ஆபா' கோஷ்டியாரின் பாட்டுக்கு மூன்றாவது இடந்தான் கொடுத்தது. ஜனங்களுக்கோ அதே பாட்டின் மேல் மோகம். மறு வருஷம் நிபுணர்களுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுச் சாதாரண மனிதர்களைத் தீர்ப்புச் சொல்ல உட்கார வைத்தார்கள். 'ஆபா' தேர்வாயிற்று, 1974 ஏப்ரலில் இங்கிலாந்தில் பிரைட்டன் நகரில் முதற் பரிசும் பெற்றது. பிறகு உலகமெல்லாம் அவர்கள் புகழ் பரவியது நேயர்கள் அறிந்ததே.

நிற்க. நம் தேசத்து நிபுணர்களின் கதையைப் பார்ப்போம். 2022-ல் ஆஸ்கார் பரிசுக்கு இந்தியாவின் சார்பில் எந்தப் படத்தை அனுப்புவது என்று கூடிய குழு, 'செல்லோ ஷோ' என்ற குஜராத்திப் படத்தைத் தேர்ந்தெடுத்தது. நல்ல படந்தான், கடைசிப் பதினைந்து படங்களில் ஒன்றாகவும் நின்றது. 'ஆர். ஆர். ஆர்.' என்ற தெலுங்குப் படத்துக்கு அந்த முத்திரை கிடைக்கவில்லை. ஆஸ்காரில் பாட்டுக்கான பரிசுக்கு எந்தத் தேசத்தின் சிபாரிசும் வேண்டியதில்லை. ஆகவே அப்படத்தார் தாங்களாகவே கடல் கடந்து போய் வழக்காடினார்கள். 2023 மார்ச் 12-ஆம் தேதி 'நாட்டு நாட்டு' பாட்டுக்குப் பரிசு வந்தது. இசையமைத்தவர் எம். எம். கீரவாணி. 'அழகன்' படத்துக்கு இசையமைத்த மரகதமணி என்றால் நம் வீடுகளில் உடனே தெரியும். பாட்டை எழுதியவர் சந்திரபோஸ். தமிழில் அது 'நாட்டுக் கூத்து' ஆயிற்று. நாட்டுக் கோழி, நாட்டுச் சர்க்கரை என்றெல்லாம் நாம் சொல்கிறோமே, அதே 'நாட்டு'தான்! தேசம் அனுப்பாத பாட்டு, தேசத்தின் பெயரோடு திரும்பி வந்தது.

அப்படியானால் குழுவே வேண்டாம், ஜனங்களே வோட்டுப் போடட்டும் என்று சொல்லிவிடலாமா? ஸ்வீடனுக்கு அது எளிது. நமக்கோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் மட்டும் இருபத்திரண்டு பாஷைகள். தலையை எண்ணினால் பெரிய பாஷையே வருஷந்தோறும் ஜயிக்கும். தமிழும் மலையாளமும் கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சந்தாலியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சங்கடத்துக்கு ஸ்விட்ஸர்லாந்து ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே நாலு பாஷைகள். அவற்றில் ரோமான்ஷ் என்பதைப் பேசுவோர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1989-ல் போட்டி அவர்கள் நாட்டிலேயே, லோசான் நகரில் நடந்தது. உலகமே தங்கள் வீட்டு வாசலில் கூடியிருந்த அந்த வருஷத்தில் அவர்கள் மேடையேற்றியது ரோமான்ஷ் பாட்டை! முதற் பரிசு வரவில்லை. ஆனால் ஜெர்மனும் பிரெஞ்சும் இத்தாலியும் பேசுகிற தேசம், தன் குரல் இதுவும்தான் என்று அந்தச் சின்ன பாஷையைக் காட்டியது. முறை வைத்து, இந்த வருஷம் அஸ்ஸாமி, அடுத்த வருஷம் தமிழ் என்று நாமும் அனுப்பினால் என்ன கெட்டுப்போகும்? தமிழுக்கு முறை வர இருபது வருஷம் ஆனாலும், அது எப்போது வரும் என்றாவது தெரியுமே.

மறுநாள் காலையில் இதையெல்லாம் திண்ணையில் எடுத்துச் சொன்னோம். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் வேலை பார்க்கும் அந்த வீட்டு மாப்பிள்ளை குறுக்கிட்டார். "எங்க பட்டறையிலே வெளியூருக்கு மாதிரி அனுப்புறதுன்னா, சூளையிலேருந்து எடுத்ததை ஆளுக்கு ஒரு தடவை தட்டிப் பார்ப்போம், மாமா. கணீர்னு கேட்டாத்தான் பெட்டிக்குள்ளே போகும். கீறல் இருந்தா சத்தமே காட்டிக் கொடுத்துடும்" என்றார்.

"சரி, நம்ம திண்ணையே தட்டிப் பார்க்கட்டும். எந்தப் பாட்டை அனுப்பலாம்?" என்று கேட்டோம்.

பையன் ஒரு புதுச் சினிமாப் பாட்டைச் சொன்னான். மாப்பிள்ளை இளையராஜாவை விட்டு இறங்கமாட்டேன் என்றார். வீட்டுக்காரர் தேவாரம் என்றார்; அதற்கு ஓதுவாரைக் கூப்பிட வேண்டும் என்று ஆட்சேபம் எழுந்தது. பெரியம்மாள் நாற்று நடும்போது பாடுகிற பாட்டு ஒன்றின் முதலடியை எடுத்து, இரண்டாவது அடி மறந்துபோய், உள்ளேயிருந்த மருமகளைக் கூப்பிட்டாள். மருமகளுக்கு இரண்டாவது அடி வேறு விதமாகத் தெரிந்திருந்தது. நாம் பஸ்ஸுக்குக் கிளம்புகிற வரையில் மாமியாரும் மருமகளும் எது சரி என்று தீர்மானித்தபாடில்லை.