மூளையை ஆராய்பவரை உருவாக்கும் செலவு யாருடையது?

ஆராய்ச்சிக்குப் பணம் தேவை என்பதை அனைவரும் அறிவர். அந்தப் பணம் எங்கே போகிறது என்று கேட்டால் நுண்ணோக்கி, வேதிப் பொருள்கள், கணிப்பொறி என்று நீங்கள் பட்டியல் போடுவீர்கள். சரிதான். ஆனால் நுண்ணோக்கியின் முன் உட்காரும் ஆள் ஒருவர் வேண்டுமே, அவரை உருவாக்கும் செலவை யார் கணக்கில் எழுதுவது? நரம்பியல் துறையை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

நரம்பில் செய்தி செல்வது ஒரு மின் நிகழ்ச்சி. ஆகவே இயற்பியல் தெரிய வேண்டும். அந்த மின்னோட்டத்தைச் சுமப்பவை சோடியம், பொட்டாசியம் அயனிகள். ஆகவே வேதியியல் தெரிய வேண்டும். நரம்பணு உயிருள்ளது என்பதால் உயிரியலை விட முடியாது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவை சேர்ந்து இயங்குவதைக் கூறக் கணிதம் வேண்டும். இவற்றுள் ஒன்றில் முதுகலைப் பட்டம் பெற்றவரும் மற்ற மூன்றில் உங்களைப் போல மாணவரே!

ஓர் உதாரணம் பாருங்கள். 1937-ஆம் ஆண்டு ஆலன் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கில இளைஞர் ராக்ஃபெல்லர் உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்றார். அது ஒரு குறிப்பிட்ட சோதனைக்காகத் தரப்பட்டதன்று. வேறிடம் சென்று கற்று வருவதற்குத் தரப்பட்டது. அடுத்த ஆண்டு உட்ஸ் ஹோல் என்னும் கடற்கரை ஊரில் கென்னத் கோல் என்பவர் ஊசிக் கணவாயின் நரம்பை வைத்து அளவீடுகள் செய்துகொண்டிருப்பதைக் கண்டார். நம் உடலின் தடித்த நரம்பிழைகூட மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். கணவாயின் பேரிழையோ அரை மில்லிமீட்டருக்கும் மேலே போகும். அதனுள்ளே மின்முனையையே செருகிவிடலாம்!

ஊர் திரும்பிய ஹாட்ஜ்கின் 1939-இல் பிளிமத் ஆய்வுக்கூடத்தில் அதையே செய்தார். உடன் இருந்தவர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி. ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 21. ஓய்வு நிலையில் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சில பத்து மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். துடிப்பு கடக்கும்போது இந்த வேறுபாடு மறைந்து சுழியாகும் என்பது அன்றைய கொள்கை. அளந்து பார்த்தபோது அது சுழியோடு நிற்கவில்லை. அதைத் தாண்டி நேர்க்குறிப் பக்கம் ஏறியது. போர் குறுக்கிட்டது. போருக்குப் பின் வேலையைத் தொடர்ந்து, 1952-இல் அந்தத் துடிப்பைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். கையால் சுழற்றும் கணக்குப் பொறியில் ஹக்ஸ்லி அவற்றைத் தீர்த்தார் என்பதை இயற்பியல் படிப்பவர்கள் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாம். 1963-இல் நோபல் பரிசு வந்தது.

ஹாட்ஜ்கினுக்குக் கிடைத்தது தனிநபர் உதவி. ஒரு நாட்டுக்கே நரம்பியலார் வேண்டுமென்றால் என்ன செய்வது? வழக்கமான வழி ஒன்று உண்டு. ஒரு பேராசிரியர், குறிப்பிட்ட புரதம் ஒன்றை ஆராய்வதாக எழுதித் திட்ட மானியம் பெறுகிறார். அதில் சம்பளம் பெறும் மாணவர் அந்தப் புரதத்தைத்தான் பார்க்க வேண்டும். இதைக் குற்றம் சொல்ல முடியாது. பணம் அதற்காகவே வந்தது. ஆனால் அந்த மாணவர் பக்கத்து அறையில் மின்முனை செருகக் கற்றுக்கொள்வது எப்போது?

இதற்கு அமெரிக்கா கண்ட வழிதான் நிறுவனப் பயிற்சி மானியம். அங்குள்ள தேசிய சுகாதார நிறுவனங்கள் அதை ‘டி-32’ என்ற குறியீட்டால் அழைக்கின்றன. நம் நாட்டில் சி.எஸ்.ஐ.ஆர். தேர்வில் வென்றவர் தம் உதவித்தொகையைத் தாம் சேரும் நிறுவனத்துக்கு எடுத்துச் செல்கிறார். டி-32 இதற்கு நேர்மாறு. பணம் பல்கலைக் கழகத்துக்குப் போகிறது, ஒரு தடவைக்கு 5 ஆண்டுகள் வரை. அது இத்தனை இடங்களுக்கு என்று கணக்கு. அந்த இடங்களுக்குரிய மாணவரைத் தேர்வது பல்கலைக் கழகத்தின் பொறுப்பு. நரம்பியலுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கண், மனநலம், முதுமை, நரம்பு நோய் என ஒவ்வொன்றுக்கும் அங்கே தனி நிறுவனம் இருக்கிறது; மூளையோ எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே அவற்றுள் பல கூட்டுச் சேர்ந்து, ஆய்வுப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தி வந்துள்ளன. அந்தக் காலத்தில் மாணவர் சில வாரங்கள் ஓர் ஆய்வுக்கூடத்திலும், சில வாரங்கள் வேறொன்றிலும் வேலை செய்து பார்த்த பிறகே தம் வழிகாட்டியைத் தேர்ந்துகொள்கிறார். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுவே.

மானியம் கேட்கும் பல்கலைக் கழகம் தன் கருவிகளைப் பற்றிப் பெருமையடித்தால் போதாது. முன்பு அங்கே பயின்றவர்கள் பட்டம் பெற்றார்களா, என்ன கட்டுரைகள் வெளியிட்டார்கள், இப்போது எங்கே பணிபுரிகிறார்கள் என்று அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். 1990 முதல் ஆராய்ச்சி நேர்மையைக் கற்பிப்பதும் கட்டாயம்.

இத்தகைய மானியங்கள் ஒரு சமயம் அழியும் நிலைக்கு வந்தன. 1973-இல் நிக்சன் அரசு பயிற்சி மானியங்களைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. பயிற்சி பெறுபவர் பின்னர் நன்றாகச் சம்பாதிக்கிறார், அவருக்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் வாங்கிப் படிப்பவர் விரைவில் வருமானம் தரும் தொழிலுக்குப் போவாரா, பல ஆண்டுகள் கணவாய் நரம்போடு உட்காருவாரா? விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். 1974-இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றி மானியத்தைக் காத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: உதவி பெற்ற காலத்துக்கு ஈடாக ஆராய்ச்சியோ போதனையோ செய்ய வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 1993-இல் இது தளர்த்தப்பட்டது. இப்போது முனைவர் பட்டத்துக்குப் பிந்திய பயிற்சியின் முதல் ஆண்டுக்கு மட்டுமே இந்தக் கடமை உண்டு. இரண்டாம் ஆண்டும் பயிற்சியில் தொடர்ந்தால் அதுவே அந்தக் கடனைத் தீர்த்துவிடும். 2002 முதல் இந்த உதவிகள் ரூத் கிர்ஷ்டைன் அம்மையாரின் பெயரைத் தாங்குகின்றன. தேசிய சுகாதார நிறுவனங்களுள் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்மணி அவர், அதுவும் 1974-இல்தான்.

உங்களுள் அமெரிக்கா சென்று படிக்க எண்ணுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டி-32 இடங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டு மாணவரின் உதவித்தொகை பல்கலைக் கழகத்தின் சொந்த நிதியிலிருந்தோ பேராசிரியரின் திட்ட மானியத்திலிருந்தோதான் வரும். ஆகவே சேரும்போதே, முதல் இரண்டு ஆண்டுகள் எந்தக் கணக்கில் பணம் வருகிறது, எத்தனை ஆய்வுக்கூடங்களைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள் என்ற இரண்டையும் கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.