படையல் சுருட்டும் பழகுபவர் சுருட்டும்

நெடுஞ்சாலை ஊர்கள் – 11

சென்ற வாரம் மரக்காணத்து உப்பளங்களில் நின்றோம். அங்கிருந்து மேற்கே திண்டிவனம், பிறகு தெற்கே விழுப்புரம். இந்த இரண்டு ஊர்களிலும் பூசைச் சாமான் கடைகளில் கற்பூரம், சாம்பிராணி, மஞ்சள், குங்குமத்தோடு இன்னொரு சரக்கும் இருக்கும். கேட்டால் எடுத்துத் தருவார்கள். சுருட்டு.

வாங்குபவர்களில் படையலுக்கு வாங்குபவர்களே அதிகம். இந்த வட்டாரத்து ஏரிக்கரைகளிலும் ஊர் எல்லைகளிலும் முனீஸ்வரனும் மதுரைவீரனும் காவல் இருக்கிறார்கள். ஆடி மாதத்தில் அவர்களுக்குத் தலைவாழை இலை போட்டுச் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, மொச்சைச் சுண்டல், பொரி என்று பரிமாறுவார்கள். பக்கத்தில் சாராயம் வைப்பார்கள். எல்லாம் வைத்து முடிந்த பிறகு பூசாரி ஒரு சுருட்டைப் பற்றவைத்து இலையோரமாக வைப்பார். சில கோயில்களில் சாமியின் வாயிலேயே பொருத்திவிடுவதும் உண்டு. யாரும் ஊதாமல், யாரும் விரட்டாமல் அது தன் போக்கில் புகைந்து முடியும். வீட்டில் முன்னோருக்குப் படைக்கும்போதும், தாத்தா சுருட்டுப் பிடித்தவர் என்றால் அவர் பங்குக்கு ஒன்று உண்டு.

இப்போது வேறொரு கூட்டமும் சுருட்டைத் தேடுகிறது. கியூபாவின் ஹவானா சுருட்டுகளைப் பற்றிப் படித்தும், காணொளிகளில் பார்த்தும், அந்த ருசியைப் பழக ஆசைப்படும் இளைஞர்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: பழகித்தான் ஆக வேண்டும் என்றால் நம் ஊர்ச் சுருட்டில் தொடங்குங்கள். நம் ஊர்ச் சாமி பிடிப்பதுபோல் பிடியுங்கள்.

நம் சுருட்டு ஒரு காலத்தில் உலகம் சுற்றியது. திண்டுக்கல் பக்கம் விளைந்த புகையிலை, திருச்சி உறையூரில் சுருட்டாகி, விக்டோரியா மகாராணி காலத்தில் கப்பலேறி லண்டன் போனது. சென்னையின் ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்தியது. 1887இல் வெளிவந்த ஆர்தர் கோனன் டாயிலின் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். நிறம் கறுத்து, செதில் செதிலாக உதிரும் சாம்பல். லண்டன் வாசகனுக்கு அந்தப் பெயரை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. திருச்சியிலிருந்து சென்னைக்கு வரும் ரயில் பாதை விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் தொட்டுத்தான் வருகிறது. அந்தப் பெயரோடு நம் இரண்டு ஊர்களுக்கும் அப்படியொரு வழிப்பாதை உறவு உண்டு.

பிடிப்பதற்கு முன்னால் சுருட்டை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மூன்று அடுக்கு தெரியும். நடுவில் நீளவாக்கில் மடித்து வைத்த உள் இலைகள். புகையின் காரமும் மணமும் பெரிதும் இவற்றிலிருந்து வருபவை. அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும் கட்டு இலை அடுத்தது. வெளியே மெல்லிய மேல் இலை. ஓட்டையோ கிழிசலோ இல்லாத நல்ல இலையாகப் பொறுக்கி, நடுநரம்பை உரித்து எடுத்து, சாய்வாகச் சுற்றிப் பசை தொட்டு ஒட்டியிருப்பார்கள். வெல்லமும் பழச்சாறும் கலந்த நீரில் இலையைப் பதப்படுத்துவது திருச்சிப் பக்கத்துப் பட்டறைகளின் வழக்கம். சுற்றும் கைக்கு இறுக்கம் தெரிய வேண்டும். இறுகிப்போனால் புகை வராது. தளர்ந்துவிட்டால் மளமளவென்று எரிந்து நாக்கைச் சுடும். விரல்களுக்கிடையே மெதுவாக அமுக்கிப் பாருங்கள். நுனி முதல் அடி வரை ஒரே பதமாக இருந்தால் அது தேர்ந்த கை சுற்றியது.

ஹவானா சுருட்டுக்கு ஒரு முனை மூடியிருக்கும், அதை வெட்ட வேண்டும். 65 முதல் 70 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியிலும் வைத்துக் காக்க வேண்டும். நம் சுருட்டுக்கு இரு முனையும் திறந்தே இருக்கும், உலர்ந்த சரக்கு. மூடி இறுகிய ஒரு டப்பா போதும்.

பற்றவைக்க அவசரம் கூடாது. தீக்குச்சி உரசியதும் மருந்து வாடை போகட்டும். சுடர் நேரே படாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டை உருட்டி உருட்டி முனை முழுவதும் கனியவிட வேண்டும். பிறகு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அடுத்தடுத்து இழுத்தால் சூடேறிக் கசக்கும். புகை வாயோடு நிற்கட்டும், நெஞ்சுக்குள் இறங்கக் கூடாது. சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது. அதனால் நிகோடின் வாயின் உள்தோல் வழியாகவே ரத்தத்தில் கலந்துவிடும். வெறும் வயிற்றில் பிடித்தால் தலை சுற்றும், குமட்டும். அரையில் போதும் என்று தோன்றினால் அப்படியே வைத்துவிடுங்கள். தானாக அணையும்.

இதே காரணத்தால்தான் இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். நெஞ்சுக்குள் இழுக்கவில்லை என்பதால் சுருட்டு பாதுகாப்பானது ஆகிவிடாது. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டின் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. வடக்கு ஆந்திரக் கடலோரத்தில் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெண்களிடம் மேலண்ணப் புற்றுநோய் மிகுதி என்று மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பது குற்றம். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்க நாடு முழுவதும் தடை நடைமுறையில் உள்ளது. வீட்டிலும் குழந்தைகள், கர்ப்பிணிகள் இருக்கும் இடத்தில் தொடவே கூடாது. இதுவரை பழகாதவர் பழகாமலே இருந்தால் நான் மகிழ்வேன்.

பிடிக்காமலே சுருட்டை நேசிக்கவும் வழி உண்டு. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் முன்பெல்லாம் ஒருவர் செய்தித்தாளையும் தொடர்கதையையும் உரக்கப் படிப்பார், மற்றவர்கள் கேட்டபடியே இலை சுற்றுவார்கள். ஹவானாவில் 1865 முதல் இதே வழக்கம் இருக்கிறது. அங்கே தொழிலாளர்கள் கேட்டு ரசித்த நாவலின் பெயர்தான் ‘மாண்டே கிறிஸ்டோ’ என்ற சுருட்டுக்கு வந்தது. கடலுக்கு அப்பாலும் இப்பாலும், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் இலக்கியம் போய்ச் சேர்ந்த இடம் அது. உறையூர் பக்கம் போனால், கையால் சுற்றுபவர்களை அருகிலிருந்து பாருங்கள். அந்த விரல்களின் கணக்கு எந்த இயந்திரத்துக்கும் குறைந்ததல்ல.

அப்படியும் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பவர்கள் முனீஸ்வரனின் முறையைக் கைக்கொள்ளுங்கள். அவருக்குச் சுருட்டு தினமும் கிடையாது. விசேஷ நாளில், வயிறு நிறையப் படைத்த பிறகு, திறந்த வெளியில், ஒன்றே ஒன்று. அடுத்தது அடுத்த படையலுக்குத்தான். ருசியும் அதில் இருக்கிறது, எல்லையும் அதில் இருக்கிறது. எல்லைச் சாமியிடம் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான பாடம் எனக்குத் தெரியவில்லை.

(தொடரும்)