விடுமுறைக்கு ஏற்ற காதற் பாடல்கள்

ஆண்டுத் தேர்வு முடியும் நாள் நெருங்குகிறது. விடுதி அறைகளில் கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டிகள் வெளிவரத் தொடங்கிவிட்டன. ஊருக்குச் செல்வோர் உளர். புதுமணம் முடித்து மலையூர்களுக்குச் செல்லும் ஆராய்ச்சி மாணவரும் உளர். வழியிற் கேட்கத் திரைப்பாடல்கள் எல்லார் கைப்பேசியிலும் இருக்கின்றன. அவற்றோடு குறுந்தொகையையும் எடுத்துச் செல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள். நான் பயில்வது தாவரவியல். ஆயினும், செடிகளையும் பருவங்களையும் இத்துணை உன்னிப்பாக நோக்கிய காதற் பாடல்கள் என்னை ஈர்த்ததில் வியப்பில்லை அன்றோ?

குறுந்தொகையில் நானூறுக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ளன. பெரும்பாலானவை 4 முதல் 8 அடிகளே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1937-இல் வெளியிட்ட உரையோடு படித்தால், தேநீர் ஆறுவதற்குள் ஒரு பாடல் விளங்கிவிடும். காதலர் பெயர் எதிலும் இராது. பெயர் சுட்டலாகாது என்பது அகப்பாடலின் மரபு. ஆதலால் அவை நம் எல்லார்க்கும் உரியவை.

இப்பாடல்களைச் சுவைக்க ஒரு திறவுகோல் உண்டு. ஒவ்வோர் உணர்வுக்கும் ஒரு நிலமும் பொழுதும் வகுத்தனர் முன்னோர். மலையும் நள்ளிரவும் கூடலுக்கு. காடும் மாலையும் காத்திருத்தலுக்கு. வயலும் வைகறையும் ஊடலுக்கு. கடற்கரையும் எற்பாடும் இரங்கலுக்கு. வறண்ட வழியும் நண்பகலும் பிரிவுக்கு. எங்கே செல்கிறோமோ அந்நிலத்துப் பாடலை அங்கேயே படிக்கலாம்.

கோடைக்கானல் செல்வோர் மூன்றாம் பாடலைப் படியுங்கள். பாடியவர் தேவகுலத்தார். நிலம், வான், நீர் என்னும் மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு தலைவி தன் காதலை அளக்கிறாள், மூன்றும் போதவில்லை! அதில் வரும் குறிஞ்சிப் பூவை இம்முறை நீங்கள் காண முடியாமற் போகலாம். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறையே கூட்டமாகப் பூக்கும். 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் பூக்க வேண்டும்.

மழைக்காலம் வரை ஊரில் தங்குவோருக்கு 66-ஆம் பாடல் ஏற்றது. கார் காலத்தில் வருவேன் என்று சொல்லிச் சென்றவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. தோழி என்ன சொல்கிறாள்? பருவமல்லாத மழையைக் கண்டு கொன்றை ஏமாந்து பூத்தது என்கிறாள். மரம் ஏமாறவில்லை என்பது அவளுக்கும் தெரியும். தோழியைத் தேற்ற வேறு வழியின்றி மரத்தின்மேற் பழியைப் போடுகிறாள்! நட்பின் அழகை இதைவிடச் சுருங்கச் சொல்ல முடியுமா?

நம்மில் பலருக்கு முதலில் வாய்ப்பது பாலைதான். தில்லியிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். மே மாத நண்பகலில் சம்பல் ஆற்றை அடுத்த வறண்ட மேடுகளைக் கடக்கும்போது ரயிற் சன்னலோரம் பாலைப் பாடல்களைப் பிரியுங்கள். பொருள் தேடிப் போகின்றவன் நெஞ்சோடு வழக்காடுவதை அங்கே கேட்கலாம்.

பொருளுக்காக மட்டுமன்றிக் கல்விக்காகப் பிரிவதையும் தொல்காப்பியர் கூறுகிறார். அப்பிரிவு மூன்று ஆண்டுக்கு மேற்படாது என்று எல்லையும் வகுக்கிறார். முதுகலை இரண்டாண்டு, நாம் எல்லைக்குள் இருக்கிறோம். ஆராய்ச்சிப் பட்டத்தை மூன்றாண்டில் முடிப்போரோ அரியர். நானும் அடுத்த ஆண்டு ஆராய்ச்சியிற் சேர எண்ணுவதால், இவ்விதி எனக்கு வெறும் இலக்கணமாகத் தோன்றவில்லை. நாம் கற்கும் ஆண்டுகளை எங்கோ ஒருவர் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதை அது நினைவூட்டுகிறது. அவர் பெயரை அகமரபின்படி நானும் சொல்லப்போவதில்லை.

நண்பர்களே! வடபுலத்திலேயே பிறந்து வளர்ந்து, தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்தறியாத தோழர்கள் நம்மிடையே உளர். அவர்களுக்கு ஒரு பாடலை வாய்விட்டுப் படித்துப் பொருள் சொல்லுங்கள். பிரிந்திருப்பவருக்கோ, ‘சாப்பிட்டாயா’ என்னும் நாள்தோறும் செல்லும் செய்தியோடு நிறுத்தாமல், ஒரு பாடலைக் கைப்பட எழுதி அஞ்சலில் அனுப்புங்கள். கடிதம் சேரச் சில நாளாகும், காத்திருத்தலும் முல்லைதானே!