வயிற்றில் பிள்ளை, கையில் சீனி உருண்டை!

“இது வெறும் சீனி உருண்டைதானே அக்கா! இங்கிலீஷ் மருந்து மாதிரி சூடு கிடையாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. நாலு உருண்டையை நாக்கின் கீழே போட்டுக்கொள்ளுங்கள், வாந்தி நின்றுவிடும்.”

இப்படிச் சொல்லி ஒரு சின்னக் குப்பியை நீட்டும் அக்கம்பக்கத்தாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். வாங்குபவருக்கும் நம்பிக்கைதான். ஆனால் வயிற்றில் இருக்கும் பிள்ளையை யாரும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளைக்காக நாம் கொஞ்சம் கேட்டுப் பார்ப்போமா, தாய்மார்களே?

கர்ப்பிணிகள் ஹோமியோபதி மருந்து சாப்பிடலாமா, அதனால் ஆபத்து உண்டா? இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் மாமியார் இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

பயம் எங்கிருந்து வந்தது?

கர்ப்ப காலத்தில் மாத்திரை என்றாலே பெண்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ‘தாலிடோமைட்’ என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. நல்ல தூக்கம் தரும், மசக்கை வாந்தியை நிறுத்தும், மிகவும் பத்திரமானது என்று சொல்லிப் பல நாடுகளில் விற்றார்கள். அதைச் சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கையும் காலும் குறைந்த பிள்ளைகள் பிறந்தன. உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். 1961-இன் இறுதியில்தான் ஜெர்மனியில் அந்த மாத்திரையைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மருந்தைக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்ற விழிப்பு அதற்குப் பிறகுதான் வலுவடைந்தது.

இந்தக் கதை நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. ‘பத்திரமானது’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. அது இங்கிலீஷ் மருந்துக்கும் பொருந்தும், சீனி உருண்டைக்கும் பொருந்தும்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது?

ஹோமியோபதி நம் நாட்டு வைத்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சித்த வைத்தியமும் அல்ல, ஆயுர்வேதமும் அல்ல. சாமுவேல் ஹானிமன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1796-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கிய முறை அது. நலமாக இருப்பவருக்கு ஒரு பொருள் எந்தத் தொல்லையைத் தருமோ, அதே தொல்லை உள்ள நோயாளிக்கு அதைச் சிறிதளவு கொடுத்தால் குணமாகும் என்பது அவருடைய கொள்கை.

மூலப்பொருளின் பெயரைக் கேட்டால் நீங்கள் திடுக்கிடுவீர்கள். ‘நக்ஸ் வாமிகா’ என்பது நம் எட்டிக்கொட்டை. ‘ஆர்சனிகம் ஆல்பம்’ என்பது ஆர்சனிக் நஞ்சு. மசக்கைக்குக் கொடுக்கும் ‘செப்பியா’ கணவாய் மீனின் மையிலிருந்து செய்வது.

பயப்படாதீர்கள். அதை எப்படிக் கரைக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு துளி மூல மருந்தை 99 துளி சாராயத்திலோ நீரிலோ கலந்து குலுக்குகிறார்கள். இது ‘1சி’. அதில் ஒரு துளி எடுத்து மறுபடியும் 99 துளியில் கலந்தால் ‘2சி’. அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மூன்றாம் முறை பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பன்னிரண்டாம் முறையைத் தாண்டினால் மூலப்பொருளின் ஓர் அணுத்திரள்கூட மிஞ்ச வாய்ப்பில்லை. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ‘30சி’ என்பது 1 போட்டு அதன் பின்னால் 60 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு! நீங்கள் ஒரு வாளி ரப்பர் பாலைக் கடலில் கொட்டிவிட்டு, மறுகரையில் ஒரு கோப்பை நீர் மொண்டு பால் தேடுவதைவிடக் கடினம் அது.

ஆகவே ‘30சி’, ‘200சி’ என்று எழுதிய உருண்டையில் எட்டிக்கொட்டையும் இல்லை, ஆர்சனிக்கும் இல்லை. மிஞ்சியிருப்பது சீனிதான். அது பிள்ளைக்கு நஞ்சாகாது. அதே காரணத்தால் அது நோயைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, ஹோமியோபதி எந்த நோய்க்கும் பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று 2015-இல் அறிவித்தது.

எல்லாக் குப்பியும் ஒன்றல்ல

இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ‘எக்ஸ்’ என்று போட்ட மருந்து பத்தில் ஒரு பங்காகக் கரைத்தது. ‘1எக்ஸ்’ என்றால் பத்தில் ஒரு பங்கு மூலப்பொருள் அப்படியே இருக்கிறது. ‘மதர் டிங்சர்’ என்பது கரைக்காத மூலச் சாறு. குப்பியில் ‘கியூ’ என்ற எழுத்து இருக்கும். இவற்றில் மருந்து நிஜமாகவே உண்டு, சாராயமும் உண்டு. கர்ப்பிணிக்கு இவ்வளவு சாராயம் பத்திரம் என்று எந்த அளவையும் மருத்துவம் சொல்லவில்லை.

இந்தியாவில் ‘1எக்ஸ்’ போன்ற ஆர்சனிக் ஹோமியோபதி மருந்தைச் சாப்பிட்ட மூவருக்கு ஆர்சனிக் நஞ்சேறியதை மருத்துவர்கள் 2003-இல் எழுதியிருக்கிறார்கள். கரைத்த மருந்திலும் கலப்பவரின் கை பிசகலாம். பல் முளைக்கும் குழந்தைகளுக்கான சில ஹோமியோபதி மாத்திரைகளை அமெரிக்க அரசாங்கம் சோதித்தபோது, ‘பெல்லடோனா’ என்ற நச்சுச் செடியின் அளவு மாத்திரைக்கு மாத்திரை மாறியிருந்தது. சிலவற்றில் குப்பியில் எழுதியதைவிட மிக அதிகமாக இருந்தது. இதை 2017-இல் அறிவித்தார்கள்.

பிரசவம் லேசாக வேண்டும் என்று கடைசி மாதத்தில் கொடுக்கும் ‘காலோஃபில்லம்’ பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். அது ‘புளூ கோஹோஷ்’ என்ற அமெரிக்க மூலிகை. கரைக்காத மூலிகை மாத்திரையாக அதைச் சாப்பிட்ட ஒரு தாய்க்குப் பிறந்த பிள்ளையின் இதயம் கடுமையாகத் தளர்ந்துபோனதாக 1998-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று எழுதியது. கரைத்த உருண்டை அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் அது பிரசவத்தைத் தூண்டுகிறது என்பதற்கும் ஆதாரமில்லை. 133 பெண்களை வைத்துச் செய்த இரண்டு சோதனைகளை ஆராய்ந்தவர்கள், இதை நம்பிச் சொல்ல ஒன்றுமில்லை என்றே முடித்தார்கள்.

நான்கு நாள் என்ன செய்யும்?

இப்போது ஒரு சகோதரியை மனத்தில் நினைத்துப் பாருங்கள். எட்டாவது மாதம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலையை அப்போதுதான் நிறுத்தியிருக்கிறாள். பின்மண்டையிலிருந்து தலைவலி. கால் வீங்கியிருக்கிறது, முகமும் கொஞ்சம் உப்பியிருக்கிறது. “பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்காமல் இருக்குமா?” என்கிறார் மாமியார். கிளினிக் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. பட்டணம் போய்வர வண்டி வேண்டும், கணவனுக்கு ஒருநாள் சம்பளம் போகும். வீட்டில் சீனி உருண்டைக் குப்பி இருக்கிறது. போட்டுக்கொண்டு படுக்கிறாள். தூங்கி எழுந்தால் வலி கொஞ்சம் குறைந்தது போலிருக்கிறது. மருந்து கேட்கிறது என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி.

இப்படியே நான்கு நாள் போகிறது. ஐந்தாம் நாள் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது. அன்றிரவு வலிப்பு வந்துவிடுகிறது.

இருபது வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கலந்து, தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் தாக்கும் நோய் இது. இங்கிலீஷில் ‘பிரீஎக்லாம்ப்சியா’ என்பார்கள். கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. 140-க்கு 90 என்ற அளவைத் தொட்டாலே மிஸ்ஸி விழித்துக்கொள்வார். மருந்தும் உண்டு, வேண்டுமானால் பிள்ளையை முன்கூட்டியே எடுக்கவும் வழி உண்டு. அந்தச் சகோதரியின் உருண்டையில் நஞ்சு இல்லை. அது அவளிடமிருந்து நான்கு நாளைத் திருடிக்கொண்டது. ஹோமியோபதியில் கர்ப்பிணிக்குள்ள பெரிய ஆபத்து இதுதான்.

இந்தக் குறிகள் தெரிந்தால் உருண்டை வேண்டாம், ஓடுங்கள்

• எந்த மாதமானாலும் இரத்தப்போக்கு. பனிக்குடம் உடைந்து நீர் போவது.

• விடாத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குவது, நெஞ்சுக்குழியில் வலி, வலிப்பு.

• பிள்ளையின் துடிப்புக் குறைவது. காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை எண்ணுங்கள். பத்துக்குக் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

• தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைந்துபோவது.

• காய்ச்சல். நம் நாட்டில் டெங்கி இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

• நாலடி நடந்தால் மூச்சு வாங்குவது, உதடும் நகமும் வெளுத்துப்போவது.

வண்டி கிடைக்காவிட்டால் 999-ஐ அழையுங்கள். கணவன்மார்களே, இந்த எண்ணும் அருகிலுள்ள மருத்துவமனையின் எண்ணும் உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கட்டும். இரவில் யாருடைய வண்டியைக் கேட்பது என்பதையும் ஏழாம் மாதத்திலேயே பேசி வையுங்கள்.

இன்னொன்று. பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ அடிக்கும் வேலை செய்பவராக இருந்தால், தலைசுற்றலையும் வாந்தியையும் மசக்கை என்று தள்ளிவிடாதீர்கள். பிள்ளை உண்டானது தெரிந்தவுடன் அந்த வேலையிலிருந்து மாற்றக் கேளுங்கள். கிளினிக்கிலும் சொல்லுங்கள்.

ஹோமியோபதியை விட மனமில்லையா?

ஹோமியோபதி மருத்துவர் அரைமணி நேரம் உட்கார்ந்து, உங்கள் தூக்கத்தையும் கவலையையும் விசாரிக்கிறார். கிளினிக்கிலோ கூட்டம். அவரிடம் போனால் மனத்துக்கு ஆறுதலாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அதில் தவறில்லை. போங்கள். ஆனால் சில விஷயங்களில் உறுதியாக இருங்கள்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணைமருத்துவச் சட்டம் ஹோமியோபதியையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். மருந்துப் பெட்டியில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பெயர் ஒட்டாத குப்பி, சந்தையில் விற்கும் குப்பி, ஊரிலிருந்து வந்தவர் கொடுத்த குப்பி எதுவும் வேண்டாம். மதர் டிங்சரும், ‘எக்ஸ்’ போட்ட சிறிய எண் மருந்தும் வேண்டவே வேண்டாம்.

“இதைச் சாப்பிடும்போது இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிடு” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு, ஆஸ்துமா, தைராய்டு இவற்றுக்கான மருந்தைத் தானாக நிறுத்தினால் தாய்க்கும் பிள்ளைக்கும் கேடு. முதல் மூன்று மாதத்தில் போலிக் அமிலம், பிறகு இரும்புச்சத்து மாத்திரை, ரண ஜன்னி ஊசி இவற்றுக்குச் சீனி உருண்டை ஈடாகாது. போலிக் அமிலம் பிள்ளையின் முதுகுத்தண்டு சரியாக மூடிக்கொள்ள உதவுகிறது. அதைச் சோதித்து அறிந்திருக்கிறார்கள்.

சாதாரண மசக்கைக்கு வீட்டிலேயே வழி உண்டு. எழுந்திருக்குமுன் படுக்கையிலேயே இரண்டு பிஸ்கட் சாப்பிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிடுங்கள். இஞ்சி தட்டிப்போட்ட தேநீர் பலருக்குக் கேட்கிறது. அடங்காவிட்டால் கர்ப்பிணிக்கு ஏற்ற மாத்திரை கிளினிக்கில் இருக்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை

அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் குப்பிகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஹோமியோபதி, நாட்டு மருந்து, சின்சே கொடுத்த பொட்டலம் எதுவானாலும் சரி. மிஸ்ஸியின் மேசையில் வைத்து, “இதைச் சாப்பிடுகிறேன், சரியா?” என்று கேளுங்கள். ஏசுவாரோ என்று பயந்து மறைக்காதீர்கள். ஏசினாலும் அந்த ஏச்சு ஒரு நிமிடத்தில் போய்விடும். உங்கள் கர்ப்பக் கையேட்டில் ஒட்டியிருக்கும் வண்ணத்துக்கும் என்ன பொருள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று பொருள்.

பத்து மாதம் சுமப்பவர் நீங்கள். கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?